மேட்டூர் இன்று எத்தனை அடி?

எங்கள் வீட்டில் காலைக் காப்பியோடு ஓர் எண்ணும் வரும். சிங்கப்பூரில், ஈசூனில் எங்களோடு இருக்கும் அப்பா, எழுந்ததும் முதல் வேலையாகக் கைப்பேசியில் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துவிடுவார். "தொண்ணூத்தேழு அடி. வரத்து ஆறாயிரம்தான், போதாது" என்று அறிவிப்பார். மன்னார்குடிப் பக்கம் இருந்த நிலத்தை விற்று இருபது வருடமாகிறது. விற்ற நிலத்துக்கும் தண்ணீர்க் கவலை உண்டு போலிருக்கிறது.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகள் ஒருநாள் கேட்டுவிட்டாள்: "தாத்தா, அடின்னா எதோட அடி? எத்தனை லிட்டர்?" அடுத்த வாரம் மரினா அணைக்கட்டின் புல்கூரையில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தபோது இன்னொன்று: "இதுவும் அணைதானே, இங்க ஏன் கரண்ட் எடுக்கல?" இரண்டுக்கும் அவசரமாக ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நிதானமாக யோசித்துச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. உதாரணத்துக்குக் காவிரி ஒன்றே போதும். நீர்மின்சாரத்தில் உள்ள வகைகள் கிட்டத்தட்ட எல்லாமே அந்த ஆற்றிலும் அதன் கிளைகளிலும் கிடைக்கின்றன.

முதலில் மின்சாரம். தண்ணீர் உயரத்திலிருந்து விழுகிறது, விழும் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது, சக்கரத்தோடு பூட்டிய ஜெனரேட்டர் மின்சாரம் தருகிறது. இதுவரை பள்ளிப் பாடம்தான். ஆனால் எவ்வளவு தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவு மின்சாரம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும்.

நம் வீவக அடுக்குமாடி புளோக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 13 மாடி, சுமார் 36 மீட்டர் உயரம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி எடுக்க எத்தனை லிட்டர் வேண்டும்? பத்தாயிரம் லிட்டர். பத்து டன். சக்கரத்திலும் ஜெனரேட்டரிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் இன்னும் ஒரு டன்னுக்கு மேல் கூடும். படுக்கையறை ஏர்கான் ஒரு மணி நேரம் ஓடுவதற்கு ஒரு யூனிட் என்று தோராயமாக வைத்தால், நாம் போர்வைக்குள் சுருண்டிருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகப் பத்துப் பதினோரு டன் தண்ணீர் பதின்மூன்று மாடி இறங்கி வரவேண்டும்.

இந்த 36 மீட்டரை நான் சும்மா எடுக்கவில்லை. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டமான 120 அடி என்பது மீட்டரில் அதே உயரம்தான்.

சரி, உயரம் கூடினால்? நீலகிரியில் பைக்காரா ஆற்றின் தண்ணீரை மலையுச்சியிலிருந்து இரும்புக் குழாய்களில் இறக்கி, அடிவாரத்தில் சிங்காராவில் மின்சாரம் எடுக்கிறார்கள். 1932 முதல் நடக்கிறது. தண்ணீர் இறங்கும் உயரம் 3,000 அடிக்கு மேல். அங்கே ஒரு யூனிட்டுக்கு நானூறு, நானூற்றைம்பது லிட்டர் போதும். மேட்டூரில் பத்து டன் செய்யும் வேலையைப் பைக்காராவில் ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டி செய்துவிடுகிறது. நீர்மின்சாரத்தின் அடிப்படைக் கணக்கே இதுதான்: விழும் உயரத்தையும் ஓடும் நீரின் அளவையும் பெருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் மற்றது கூடியாக வேண்டும். மலையில் தண்ணீர் கொஞ்சம், உயரம் அதிகம். சமவெளியில் உயரம் கொஞ்சம், தண்ணீர் அதிகம். சக்கரங்களும் அதற்கேற்ப மாறும். மலையடிவாரத்தில் கிண்ணங்கள் பொருத்திய பெல்டன் சக்கரத்தின் மேல் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். சமவெளியில் கப்பல் விசிறி போன்ற ஒன்று நீருக்குள் மூழ்கியபடி நிதானமாகச் சுற்றும்.

மகளின் மரினா கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 2008இல் திறந்த அந்த அணைக்கட்டு 350 மீட்டர் நீளம் இருந்தாலும், உள்ளே இருக்கும் நன்னீருக்கும் வெளியே இருக்கும் கடலுக்கும் மட்ட வித்தியாசம் சில மீட்டர்கூடத் தேறாது. உயரமும் இல்லை, காவிரி போல வருடம் முழுக்க வந்து சேரும் ஆறும் இல்லை. உண்மையில் அது மின்சாரத்தைச் செலவழிக்கிற அணை. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் பெருமழை பிடித்துக்கொண்டால் மதகுகளைத் திறக்க முடியாது, கடல்நீர் உள்ளே வந்துவிடும். அப்போது ஏழு ராட்சத பம்புகள் மழைநீரை இறைத்துக் கடலில் தள்ளும்.

தமிழில் எல்லாவற்றையும் அணை என்று சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கல்லணை தண்ணீரைத் தேக்கி வைக்கும் அணை அல்ல. வருகிற தண்ணீரைக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து அனுப்பும் அணை. கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் அதன் பெருமையே தண்ணீரைத் தடுக்காமல் திருப்புவதில் இருக்கிறது. மேட்டூரோ முழுக்க முழுக்கத் தேக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு: கதவணை. மேட்டூரிலிருந்து பவானி வரை செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாக நான்கு கதவணைகள் நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின் நிலையம். ஆற்றைச் சில மீட்டர் உயர்த்திப் பிடித்து, அந்தச் சின்ன இறக்கத்தில் மின்சாரம் எடுத்துவிட்டு, தண்ணீரை அப்படியே அடுத்த கதவணைக்கு விட்டுவிடுவார்கள். பெரிய தேக்கம் கிடையாது. மேட்டூரில் மதகு திறந்தால் இவையும் ஓடும், மூடினால் இவையும் உறங்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நீர்மின்சாரம் தண்ணீரைக் குடிப்பதில்லை. பைக்காராவில் விழுந்த அதே தண்ணீர் கீழே மோயாறு மின் நிலையத்தில் மறுபடி சக்கரம் சுற்றும், பவானிசாகர் அணையில் தேங்கும், அங்கிருந்து வயலுக்கும் போகும், மிச்சம் கூடுதுறையில் காவிரியோடு சேரும். ஒரே சொட்டு, வழியெல்லாம் வேலை. நம் ஊரில் அலுவலகம் முடிந்து பகுதிநேர வேலைக்கும் ஓடுகிறவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

அப்படியானால் மின்சாரம் எடுப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதானே தோன்றும்? அளவில் நஷ்டமில்லை, உண்மைதான். காவிரியில் அளவைவிட நேரம் முக்கியம் என்பதுதான் சிக்கல். எந்த அணையும் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட உண்டாக்குவதில்லை. ஜூலையில் வந்த தண்ணீரை டிசம்பருக்குத் தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான். அணை என்பது நேரத்தை மாற்றுகிற ஒரு கருவி. அந்த நேரத்தை யார் முடிவு செய்வது என்பதில்தான் ஒரு நூற்றாண்டுச் சண்டையும் அடங்கியிருக்கிறது.

இந்தக் கதையின் தொடக்கத்தில் மின்சாரமும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கர்நாடகத்தில் காவிரி சிவனசமுத்திரத்தில் அருவியாக விழுகிறது. மைசூர் சமஸ்தானத்தில் சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்த காலத்தில் அங்கே ஒரு மின் திட்டம் உருவானது. 1902இல் அங்கிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் போனது. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி, அந்நாளில் உலகின் மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று. 1905இல் பெங்களூர்த் தெருக்களில் விளக்கு எரிந்ததும் இந்த மின்சாரத்தில்தான். அருவி தானே விழுகிறது, உயர அணை எதுவும் தேவையில்லை. ஆனால் கோடையில் ஆறு ஒடுங்கிவிடும். சுரங்கத்துக்கோ பன்னிரண்டு மாதமும் மின்சாரம் வேண்டும். ஆகவே மேலே ஓரிடத்தில் மழைக்காலத் தண்ணீரைச் சேர்த்துவைத்து, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். 1911இல் விஸ்வேஸ்வரய்யா தலைமைப் பொறியாளராக இருந்தபோது கிருஷ்ணராஜ சாகர் அணை வேலை தொடங்கியதற்குப் பாசனத்தோடு இதுவும் ஒரு காரணம். மேலே அணை கட்டினால் தஞ்சைக்கு என்ன ஆகும் என்று சென்னை மாகாணம் கேட்டது. பேச்சுவார்த்தை, நடுவர், மேல்முறையீடு எல்லாம் முடிந்து 1924இல் ஓர் ஒப்பந்தம் வந்தது. அடுத்த ஆண்டே மேட்டூர் வேலை தொடங்கி 1934இல் முடிந்தது. அணைக்கு அப்போதைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை வைத்தார்கள். ஊர்க்காரர்கள் மேட்டூர் டேம் என்றே சொல்கிறார்கள்.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு இந்த நேரக் கணக்கைப் புரிந்துகொள்ள லிங்கியூ ஒரு நல்ல வழி. ஜொகூரில் இருக்கும் அந்த நீர்த்தேக்கத்திலிருந்து நமக்குக் குழாய் நேராக வருவதில்லை. மழைக்காலத்தில் அங்கே தேக்கி வைத்து, ஆறு வறளும்போது ஜொகூர் ஆற்றில் திறந்துவிடுவார்கள். அந்தத் தண்ணீர் கடலின் உப்பை மேலே ஏறவிடாமல் தள்ளிக்கொண்டே வரும். அப்போதுதான் கீழே இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆற்றுநீரை எடுக்க முடியும். 2016 அக்டோபரில் லிங்கியூ 20 விழுக்காட்டுக்கு இறங்கியபோது இங்கே எல்லோருடைய வாயிலும் அந்த எண்தான். அப்பாவுக்கு மட்டும் அதில் எந்த ஆச்சரியமும் இல்லை. அவர் வாழ்நாளெல்லாம் அப்படி ஓர் எண்ணோடுதான் இருந்திருக்கிறார்.

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். "எதோட அடி?"

நீர்மட்டம் என்பது உயரம், இருப்பு என்பது கொள்ளளவு. இரண்டும் சேர்ந்தே ஏறினாலும் ஒரே விகிதத்தில் ஏறுவதில்லை. நீர்த்தேக்கம் சாப்பாட்டுத் தூக்கு மாதிரி நேர்ச்சுவர் உள்ள பாத்திரம் அல்ல, வாய் அகன்ற உருளி. மேலே போகப் போக ஒவ்வோர் அடியிலும் அதிகத் தண்ணீர் பிடிக்கும். மேட்டூர் 120 அடியில் 93.47 டிஎம்சி கொள்ளும். 100 அடியில் இருப்பு சுமார் 65 டிஎம்சி. அதாவது கடைசி 20 அடியில் மட்டும் 28 டிஎம்சிக்கு மேல். "நூறு தாண்டிடுச்சாம்" என்று தேக்கா காப்பிக்கடையில் பெரியவர்கள் உற்சாகமாகப் பேசிக்கொள்வது இதனால்தான். நூற்றுக்கு மேல் ஏறும் ஒவ்வோர் அடியும் கனமான அடி.

டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி. லிட்டரில் சொன்னால் சுமார் 2,832 கோடி. இதைக் கேட்டு யாருக்கும் எதுவும் புரியாது என்பதால் வேறு மாதிரி சொல்கிறேன். சிங்கப்பூர் முழுவதும் ஒரு நாளில் ஏறத்தாழ 440 மில்லியன் கேலன், அதாவது 200 கோடி லிட்டர் தண்ணீர் செலவாகிறது. ஒரு டிஎம்சி நம் தீவுக்கு இரண்டு வாரம். மேட்டூர் நிரம்பி நின்றால் மூன்றரை ஆண்டுக்கு மேல். அதன் நீர்ப்பரப்பு சுமார் 153 சதுர கிலோமீட்டர், நம் தீவில் ஐந்தில் ஒரு பங்கு. மகள் முதன்முறையாக வாயைப் பிளந்தது இந்த இடத்தில்தான்.

அத்தனை பெரிய பரப்பு சும்மா கிடைக்கவில்லை. ஊர்கள் மூழ்கின. கோடையில் மட்டம் நன்றாகக் கீழே போகும்போது பண்ணவாடிப் பக்கம் ஒரு நந்தி சிலையும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தண்ணீருக்கு வெளியே தலைகாட்டும். மக்கள் பரிசல் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். ஆறு சுமந்து வரும் வண்டலும் அணையில் படிந்துவிடுகிறது. பாத்திரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுக்கிறது, கீழே டெல்டாவுக்குப் போகவேண்டிய மண் போவதில்லை.

அடி எண்ணுக்கு மின்சாரத்திலும் ஓர் அர்த்தம் உண்டு. 120 அடியில் பத்து டன் என்ற நம் கணக்கு, தண்ணீர் 60 அடிக்கு இறங்கினால் ஏறக்குறைய இருபது டன் ஆகிவிடும். இருப்பு குறையும்போது மிச்சமிருக்கும் தண்ணீரின் மதிப்பும் குறைகிறது என்று அர்த்தம். மின்வாரியத்தின் கண்ணோடு பார்த்தால் அணையை எப்போதும் உயரமாக வைத்துக்கொண்டு, மேலே வருவதை மட்டும் விடுவதுதான் லாபம். விவசாயியின் கண்ணோடு பார்த்தால் அணை என்பதே காலி செய்வதற்காகக் கட்டியது.

மேட்டூரில் இந்த வழக்கில் விவசாயியே ஜெயிக்கிறார். ஜூன் 12இல் குறுவை நெல்லுக்காகத் திறப்பது, அடுத்த பருவங்களான சம்பா, தாளடி எல்லாம் முடிந்து ஜனவரி 28இல் மூடுவது என்பது மரபு. அணையடி மின் நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின் நிலையம் 200 மெகாவாட். பாசனத்துக்கு விடும் தண்ணீர் இவற்றின் வழியாகப் போகும்போது கிடைப்பதுதான் மின்சாரம். மின்சாரத்துக்காகத் தனியாகத் திறப்பதில்லை. மாப்பிள்ளை பாசனம், மின்சாரம் கூட வந்த தோழன். வெள்ளம் வந்தாலோ தலைகீழ்: மின் நிலையங்களின் வாய் கொள்ளாத தண்ணீர், 16 கண் மதகு வழியாக ஒரு யூனிட்டும் தராமல் நுரைத்துக்கொண்டு ஓடும். 2024இல் ஜூன் 12 வந்தபோது திறக்கத் தண்ணீர் இல்லை. ஜூலைக் கடைசியில் கர்நாடக அணைகள் நிரம்பி வழிய, 28ஆம் தேதி திறந்தார்கள், 30ஆம் தேதி மேட்டூர் 120 அடியைத் தொட்டது. அந்த வாரம் அப்பா தூங்கினாரா என்பது சந்தேகம்தான்.

இப்போது மேகதாட்டு. தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று முன்னால், கர்நாடகம் 67.16 டிஎம்சி கொள்ளளவில் ஓர் அணையும் 400 மெகாவாட் மின் நிலையமும் கட்ட விரும்புகிறது. பெங்களூருக்குக் குடிநீரும் மின்சாரமும்தான் நோக்கம், கீழே போகவேண்டிய தண்ணீர் போகும் என்பது அவர்கள் வாதம். மின்சாரம் தண்ணீரைக் குடிக்காது என்று நானே மேலே எழுதியிருக்கிறேன், ஆகவே அந்த வாதத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். (அப்பா இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியம்.) ஆனால் கிருஷ்ணராஜ சாகருக்கும் கபினி அணைக்கும் கீழே பெய்கிற மழை இன்றுவரை பெரும்பாலும் யார் கையிலும் சிக்காமல் நேராக மேட்டூருக்கு வருகிறது. அங்கே ஒரு கதவு வந்தால் அந்த மழையின் நேரமும் மேலே இருப்பவர் கைக்குப் போய்விடும். 2018இல் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி விடவேண்டும் என்று சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த அளவோடு ஒரு மாத அட்டவணையும் இருப்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று மே வரை போகிறது. ஆண்டுக் கணக்கு சரியாக வந்தாலும், ஜூலைத் தண்ணீர் நவம்பரில் வந்தால் குறுவைக்கு அது தண்ணீரே இல்லை. என்னைக் கேட்டால் எந்த அணைச் செய்தியிலும் முதலில் தேடவேண்டியது மெகாவாட்டை அல்ல, அந்த அட்டவணையைத்தான்.

நேரத்தை மாற்றும் இந்த வித்தையை முழுக்க மின்சாரத்துக்காகவே செய்கிற வகையும் உண்டு. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு ஒரு நீரேற்று மின் திட்டம் கட்டுகிறார்கள். மின்சாரம் மிஞ்சுகிற நேரத்தில் கீழே அவலாஞ்சி, எமரால்டு அணைகளிலிருந்து தண்ணீரை மேலே போர்த்திமந்துக்கு ஏற்றுவது, எல்லோரும் விளக்குப் போடும் மாலையில் அதே தண்ணீரைக் கீழே விடுவது. ஏற்றச் செலவாகும் மின்சாரம் இறங்கும்போது கிடைப்பதைவிட அதிகம், அதாவது யூனிட் கணக்கில் நஷ்டம். ஆனாலும் மதிய வெயிலில் சூரியத் தகடுகள் தரும் மின்சாரத்தை மாலைக்குக் கொண்டுபோக இவ்வளவு பெரிய பேட்டரி வேறு கிடைப்பது கடினம்.

சிங்கப்பூருக்கு உயர்ந்த மலையும் இல்லை, பெரிய ஆறும் இல்லை. நம் மின்சாரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் வருகிறது. ஆனாலும் 2022 ஜூன் முதல் லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாகக் கம்பியில் இங்கே வரத் தொடங்கியது, முதலில் 100 மெகாவாட் வரை. இதைச் சொன்னதும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த ஆத்துக்குக் கீழ யாரு நெல்லு போடுறா?" கம்போடியாவும் வியட்நாமும் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் காப்பியைக் குடித்தார்.

கடைசியாக, செய்தியில் வரும் அந்த ஒற்றை வரியை எப்படிப் படிப்பது என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை இங்கேயும் எழுதிவிடுகிறேன். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: நீர்மட்டம் 97 அடி, இருப்பு 61 டிஎம்சி, வரத்து 6,000 கனஅடி, வெளியேற்றம் 18,000 கனஅடி. வரத்தும் வெளியேற்றமும் ஒரு நொடிக்கான கணக்கு. நொடிக்கு ஒரு கனஅடி என்பது சுமார் 28 லிட்டர், நிறைந்த வாளி இரண்டு. வெளியேற்றத்தில் வரத்தைக் கழித்தால் 12,000. நொடிக்கு 12,000 கனஅடி ஒரு நாள் முழுக்கப் போனால் ஒரு டிஎம்சியும் கொஞ்சமும் ஆகும். ஆக அணை நாளுக்கு ஒரு டிஎம்சிக்குச் சற்று அதிகமாக இழக்கிறது. 61ஐக் கடைசிச் சொட்டுவரை விடமுடியாது, குடிநீருக்கென்று கொஞ்சம் நிறுத்தி வைப்பார்கள்.

"அப்ப ஐம்பது நாள் வரும், இல்லையா?" என்றாள் மகள்.

"எந்த மாசம்னு வச்சுக்கிட்ட?" என்றார் தாத்தா. "ஆகஸ்டுன்னா பயமில்ல. அக்டோபர்ல மழை புடிச்சுக்கும்."